ஆறு மணி நேர டோக்கன்

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒரு பெட்டி ஷாஃப்ட் கிருஷ்ணகிரிக்குப் போனால், சரக்கின் மதிப்பு 1 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். அதே பெட்டி ஜுஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் வரம்பு 50,000 ரூபாய். முலாம் பூசவோ ஹீட் ட்ரீட்மென்ட் செய்யவோ ஜாப் ஒர்க்குக்காகப் பொம்மசந்திராவுக்கோ ஜிகணிக்கோ போனால் வரம்பே கிடையாது. டிரேயில் இருப்பது 2,000 ரூபாய்ச் சரக்காக இருந்தாலும் பில் இருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டும் ஜாப் ஒர்க்குக்கு மதிப்பைப் பார்க்காமல் இ-வே பில் என்று ஜிஎஸ்டி விதி 138 சொல்கிறது.

மதுரையிலோ கரூரிலோ இருப்பவருக்கு இந்த விதி எப்போதாவது குறுக்கிடும். எங்களுக்கு அது அன்றாடம். லேத்தில் கடைந்த பொருள் ஓசூரில், அதைக் கெட்டிப்படுத்தும் உலை கர்நாடகத்தில், அசெம்பிளி மறுபடி ஓசூரில் என்று ஒரே பாகம் எல்லையை இரண்டு மூன்று முறை தாண்டுகிற ஊர் இது. ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு பில். ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்து முடிகிற எண்ணிக்கை இல்லை. அதனால் ஆலையின் ஈஆர்பி மென்பொருளே அரசின் சேவையகத்தோடு பேசி பில்லை வாங்குகிறது. அப்படிப் பேசுவதற்கு முன் அது வாங்க வேண்டிய முதல் பொருள் டோக்கன். அந்த டோக்கனைக் கேட்டு வாங்கி, வைத்துக் காத்து, காலாவதியாகும் முன் மாற்றும் நிரலை எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் இது பத்து வரி நிரல். ஒரு முகவரிக்கு ஒரு கோரிக்கை, பதிலில் ஒரு நீளமான எழுத்துச் சரம், அவ்வளவுதான். பயிற்சிக் குறிப்புகளிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்கு இரவில் வந்த அழைப்புகளை நினைத்துப் பார்த்தால், பில்லின் விவரங்களில் இருந்த பிழைகளைவிட டோக்கனை யார் கேட்பது, எப்போது கேட்பது, எங்கே வைப்பது என்று யாரும் தீர்மானிக்காமல் விட்டதால் வந்தவையே மிகுதி. கேட்பது எளிது. கேட்கும் பொறுப்பை நிரலில் ஒரே ஓர் இடத்தில் நிறுத்துவதுதான் தொழில்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தை இங்கே உள்ள டிஸ்பேட்ச் ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. வணிக வரிச் சோதனைச் சாவடிகள், ஜேஜே படிவம், அந்தப் பக்கம் கர்நாடகத்தின் இ-சுகம் எண், வரிசையில் நிற்கும் லாரிகள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே இ-வே பில் கட்டாயமானது. பிறகு இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை இன்வாய்ஸை அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் முறை. 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. முதல் கட்டத்தில் பெரிய ஆலைகளின் கணினித் துறைகளுக்கு மட்டுமே இந்த வேலை இருந்தது. 5 கோடிக்கு இறங்கியபோது ஓசூரில் ஷெட் போட்டு சிஎன்சி இயந்திரங்களோடு தொழில் செய்கிற சிறு முதலாளியின் மேசைக்கே வந்துவிட்டது. அவரிடம் கணினித் துறை ஏது? ஒரு கணக்கர், ஒரு டிஸ்பேட்ச் பொறுப்பாளர், பில் அடிக்க ஒரு கணினி. எங்களைப் போன்றவர்கள் உள்ளே வந்தது அப்போதுதான்.

சாவடி போனது, சோதனை போகவில்லை. பறக்கும் படை எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தலாம். பில் இல்லாத சரக்கைப் பிடித்தால், சட்டப் பிரிவு 129-இன்படி 2022 ஜனவரி 1 முதல் அபராதம் வரித்தொகையைப் போல இரு மடங்கு. அதனால் பில் வராமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. டோக்கன் கிடைக்கவில்லை என்றால் பில் இல்லை, பில் இல்லை என்றால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் உலை காலியாகக் காய்ந்துகொண்டிருக்கும். "சார், பில் வரல, வண்டி நிக்குது" என்று வருகிற அழைப்பின் எடை இதுதான்.

இனி டோக்கன் எப்படி வாங்கப்படுகிறது என்று சொல்கிறேன்.

அரசுத் தளத்தில் மனிதர் உள்நுழைந்தால் பயனர் பெயர், கடவுச்சொல், கேப்ட்சா, கைப்பேசிக்கு ஓடிபி என்று படிகள் உண்டு. நடுராத்திரியில் ஓடும் நிரலுக்குக் கேப்ட்சா படிக்கக் கண் இல்லை, ஓடிபி வாங்கக் கைப்பேசியும் இல்லை. அதற்கென, நிரலும் நிரலும் பேசும் ஏபிஐ வழி தனியாக உண்டு. நிறுவனம் தளத்தில் ஏபிஐ பயனர் ஒருவரைத் தனியாக உருவாக்குகிறது. அதோடு க்ளையன்ட் ஐடி, க்ளையன்ட் சீக்ரெட் என்று இரண்டு கிடைக்கும். நேரடியாக இணைகிற நிறுவனமாக இருந்தால், கோரிக்கை புறப்படும் ஐபி முகவரியையும் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும்.

தேசியத் தகவல் மையம் வடிவமைத்த இ-இன்வாய்ஸ் ஏபிஐயில், நிரல் முதலில் 32 பைட் நீளமுள்ள ஒரு சாவியைத் தற்போக்காக உருவாக்குகிறது. அதன் பெயர் ஆப்கீ. பயனர் பெயர், கடவுச்சொல், ஆப்கீ மூன்றையும் ஒரு ஜேசானில் கட்டி, அரசு வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியால் ஆர்எஸ்ஏ முறையில் பூட்டி அனுப்புகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் தனிச்சாவி அங்கே மட்டும்தான் இருக்கிறது. பதிலில் மூன்று விஷயங்கள் வரும்: டோக்கன், அது காலாவதியாகும் நேரம், எஸ்இகே என்ற அமர்வுச் சாவி. அந்த எஸ்இகே நாம் அனுப்பிய ஆப்கீயால் பூட்டப்பட்டு வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டால், அதன் பிறகு அனுப்பும் ஒவ்வொரு இன்வாய்ஸையும் அந்தச் சாவியால் ஏஇஎஸ் முறையில் பூட்டி, டோக்கனைத் தலைப்பில் வைத்து அனுப்பலாம். டோக்கனின் ஆயுள் 6 மணி நேரம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் ஆலையின் கேட் பாஸை வைத்துத்தான் இதைச் சொல்லித் தருவேன். கான்ட்ராக்ட் ஆள் காலையில் கேட்டில் ஆதாரைக் காட்டுகிறார். செக்யூரிட்டி பார்த்துவிட்டு அன்றைய பாஸ் தருகிறார். உள்ளே ஸ்டோரிலும் கேன்டீனிலும் பாஸ் போதும். ஆதாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலை முழுதும் சுற்றினால் அது எங்கேயாவது தொலையும். பாஸ் தொலைந்தால் போவது ஒரு நாள் பாஸ்தான். கடவுச்சொல்லை ஒரே ஒரு வாசலில் மட்டும் காட்டு, மற்ற எல்லா இடத்திலும் ஆயுள் குறைந்த ஒன்றைக் காட்டு என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். இதைப் புரிந்துகொண்ட பையனுக்கு மற்றதெல்லாம் தானாக வரும்.

புரிந்துகொள்ளாதவர்கள் எழுதிய நிரலை ஒரு ஆலையில் பார்த்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு டோக்கன் கேட்டுக்கொண்டிருந்தது. பில் வந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கடவுச்சொல் நாள் முழுவதும் வலைப்பின்னலில் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு பில்லுக்கு இரண்டு பயணம், அங்கே நெரிசல் என்றால் இரண்டும் தாமதம். இந்தச் சேவையில் டோக்கன் உயிரோடு இருக்கும்போது மறுபடி கேட்டால் புதியது தரப்படுவதில்லை, பழையதேதான் திரும்பி வரும். ஆகவே அத்தனை கேள்விகளுக்கும் கிடைத்தது ஒரே விடை. ஒருமுறை வாங்கிவிட்டால் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை. அந்த நிரலில் டோக்கன் கேட்கும் பகுதியைப் பிரித்து, பில் போடும் பகுதி அதனிடம் மட்டும் கேட்கும்படி மாற்றினேன். கையில் நல்ல டோக்கன் இருந்தால் அந்தப் பகுதி உடனே தந்துவிடும், இல்லையென்றால் வாங்கிவந்து தரும். பில் போடும் பகுதிக்குக் கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்றுவரை எந்த ஆலையில் வேலை எடுத்தாலும் முதலில் இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறேன்.

ஆறு மணி நேரத்தோடு ஒரு சிக்கல் சேர்ந்தே வருகிறது. ஓசூரில் ஷிஃப்ட் என்பது பல ஆலைகளில் எட்டு மணி நேரம்: காலை 6 முதல் மதியம் 2, அங்கிருந்து இரவு 10, பிறகு மறுநாள் காலை 6. காலை 6 மணிக்கு வாங்கிய டோக்கன் நண்பகல் 12 மணிக்கு முடிகிறது. உணவு இடைவேளைக்கு முன் வண்டிகளை அனுப்பிவிட வேண்டும் என்று டிஸ்பேட்ச் வேகமெடுக்கும் நேரம் அது. எந்த ஷிஃப்டை எடுத்தாலும் டோக்கன் அதன் நடுவில் எங்கேயோ முடியும். அதனால் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. ஆயுளின் கடைசி 10 நிமிடத்துக்குள் கட்டாயப் புதுப்பிப்பு என்ற குறியோடு கேட்டால் இந்த ஏபிஐ புதிய டோக்கன் தரும். அந்தச் சிறு சாளரத்தைப் பயன்படுத்துகிற மாதிரி எழுத வேண்டும். அதே நேரம், அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் பில் போடவில்லை என்றாலும் பாதகமில்லாமல், அடுத்த பில் வரும்போது காலாவதி தெரிந்து புதிதாக வாங்கிக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும். கடிகாரம் வைத்து ஆறு மணி நேரத்துக்கொருமுறை ஓடும் ஒரு தனி வேலையை மட்டும் நம்பியவர்கள், மின்சாரம் போய்ச் சேவையகம் மறுபடி எழுந்த நாளில் மாட்டிக்கொண்டார்கள்.

நேரம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று, இந்தத் தொழிலில் நான் மிக அதிகமாகத் தேடித் திருத்திய பிழை. காலாவதி நேரம் பதிலில் தேதியும் மணியுமாக, இந்திய நேரப்படி வருகிறது. பக்கத்தில் எந்த நேர மண்டலம் என்ற குறி இருக்காது. ஆலைக்குள் இருக்கும் கணினி இந்திய நேரத்தில் ஓடும்போது இது உறுத்தாது. செலவைக் குறைக்க ஈஆர்பியை மேகக் கணினிக்கு மாற்றுவார்கள். அந்தக் கணினி இயல்பாகவே யூடிசி நேரத்தில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். காலை 10 மணிக்கு வாங்கிய டோக்கன் மாலை 4 மணிக்கு முடிகிறது என்று பதில் சொல்கிறது. மேகக் கணினி அதைத் தன்னுடைய 4 மணி என்று எடுத்துக்கொள்கிறது. அதன் 4 மணி என்பது நமக்கு இரவு 9.30. மாலை 4 முதல் இரவு 9.30 வரை செத்த டோக்கனை உயிரோடு இருப்பதாக நினைத்து நிரல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஷிஃப்டின் டிஸ்பேட்ச்சில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. காலையில் சரியாக இருந்தது, சாயங்காலம் வேலை செய்யவில்லை, ராத்திரி யாரும் தொடாமலே சரியானது என்று யாராவது சொன்னால், நான் நிரலைத் திறக்கும் முன்பே கேட்பது கணினி எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைத்தான்.

தீர்வு சிறியது. வந்த நேரத்தை இந்திய நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லி, யூடிசிக்கு மாற்றி, அப்படியே சேமிக்க வேண்டும். கணினியின் கடிகாரமும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களோடு கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. பலர் அதைத் தணிக்கைக்கான ஒரு வரியாகப் பார்க்கிறார்கள். ஷெட்டின் மூலையில் தூசியோடு ஓடும் பழைய கணினியின் கடிகாரம் பல நிமிடங்கள் விலகி நிற்பதைப் பார்த்தவனுக்கு அது மிக நடைமுறையான அறிவுரை.

ஒரே நேரத்தில் பலர் கேட்பது இன்னொரு விஷயம். ஷிஃப்ட் மாறியதும் மூன்று கவுண்டர்களில் பில் பொத்தானை அழுத்துகிறார்கள். மூன்று நிரல் இழைகளும் டோக்கன் முடிந்துவிட்டதைப் பார்க்கின்றன, மூன்றும் தனித்தனி ஆப்கீயோடு புதிது கேட்கின்றன. பதிலில் வரும் எஸ்இகேயை எந்த ஆப்கீ கொடுத்துக் கேட்டோமோ அதனால்தான் திறக்க முடியும். முதல் இழை ஆப்கீயை எழுதி வைக்க, இரண்டாவது இழை அதன்மேல் தன் எஸ்இகேயை எழுதிவிட்டால், சாவி ஒருவருடையது, பூட்டு இன்னொருவருடையது. டோக்கன் சரியாக இருக்கும், பில் மட்டும் திறக்க முடியாத குப்பையாகப் போகும். இதைக் கண்டுபிடிப்பது கொடுமையான வேலை, ஏனென்றால் மறுபடி முயன்றால் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

அதனால் தரவுத்தளத்தில் டோக்கனுக்கு ஒரு வரிசை. அதைப் புதுப்பிக்க வருபவர் முதலில் அந்த வரிசையைப் பூட்டுகிறார். பூட்டு கிடைத்ததும் காலாவதியை இன்னொரு தடவை பார்க்கிறார், ஏனென்றால் காத்திருந்த நேரத்தில் இன்னொருவர் வாங்கி வைத்திருக்கலாம். உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் கேட்கிறார். டோக்கன், திறந்த எஸ்இகே, காலாவதி மூன்றையும் ஒரே பதிவாகச் சேர்த்து எழுதுகிறார். இரண்டாவது முறை பார்க்கும் அந்த ஒரு வரியை மறந்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. மூவரும் வரிசையில் நின்று மூன்று முறை கேட்பார்கள்.

எல்லை ஊரில் இருப்பதால் வருகிற இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இங்கே பல நிறுவனங்களுக்கு ஓசூரில் ஒரு பிரிவும் பெங்களூருப் பக்கம் ஒரு பிரிவும் இருக்கும். முதலாளி ஒருவர், பான் எண் ஒன்று. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு நபர்கள். 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் ஒன்று, 29 என்று தொடங்கும் கர்நாடக எண் ஒன்று. தன் சரக்கைத் தனக்கே அனுப்பினாலும் வரியோடு கூடிய இன்வாய்ஸ் போட வேண்டும். டோக்கனும் அப்படியே எண்ணுக்கு ஒன்று. 33-க்கு வாங்கிய டோக்கனை 29-இன் தலைப்போடு அனுப்பினால் சேவையகம் மறுத்துவிடும். கோயம்புத்தூரில் எழுதப்பட்ட நல்ல மென்பொருள்கூட ஓசூரில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனம் என்றால் ஒரு டோக்கன் என்று அதில் உள்ளூர எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023-க்குப் பிறகு இ-இன்வாய்ஸ் பதிவுத் தளங்களும் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டன. ஒரு தளத்தின் டோக்கன் இன்னொன்றில் செல்லாது. எனவே டோக்கனைத் தேடும் சாவியில் தளம், ஜிஎஸ்டி எண், ஏபிஐ பயனர் மூன்றும் இருக்க வேண்டும்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. டோக்கன் செல்லாது என்று பதில் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிது ஒன்று வாங்கி, அதே பில்லை ஒரே ஒருமுறை மறுபடி அனுப்பலாம். அதுவும் மறுக்கப்பட்டால் நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிட வேண்டும். கடவுச்சொல் தவறு என்று பதில் வந்தால் ஒரு தடவைகூட மறுபடி முயலக் கூடாது. தவறான கடவுச்சொல் பத்தாவது முறை சரியாகிவிடாது. பதிலே வரவில்லை, இணைப்பு அறுந்தது என்றால் அது மூன்றாவது வகை. பில் அங்கே பதிவாகியும் இருக்கலாம். இ-இன்வாய்ஸில் இதற்கு நல்ல காப்பு உண்டு. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் உரிய 64 எழுத்துப் பதிவு எண்ணான ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு இவற்றிலிருந்து பிறக்கும் ஹாஷ். அதே ஆவணத்தை மறுபடி அனுப்பினால் ஏற்கெனவே உள்ளது என்று 2150 என்ற பிழை எண்ணோடு சொல்லிவிடும். அந்த எண்ணைத் தோல்வி என்று சிவப்பில் காட்டும் திரைகள் பல இருக்கின்றன. அது வெற்றி. இருக்கும் ஐஆர்என்னை எடுத்துக்கொண்டு பில்லை அச்சிட்டு வண்டியை அனுப்பலாம். மூன்று வகைகளையும் "பிழை, மீண்டும் முயலவும்" என்ற ஒரே வாசகத்தில் அடக்கினால், டிஸ்பேட்ச் அண்ணன் செய்யக் கூடியது பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது ஒன்றுதான்.

இங்கே அரசுச் சேவையகம் மட்டும் இல்லை. பெரிய வாகன ஆலைகளுக்குப் பாகம் கொடுப்பவர்கள் வண்டி கிளம்பும் முன் சரக்கு முன்னறிவிப்பை வாங்குபவரின் தளத்துக்கு அனுப்ப வேண்டும். ஜிஎஸ்பி எனப்படும் இடைநிலை நிறுவனம் வழியாக இ-வே பில் போடுகிற சிறு ஆலைகளும் உண்டு. பல ஜிஎஸ்பிகளிடம் அவர்களுக்கென ஒரு டோக்கன், அதன் பிறகு அரசுச் சேவைக்கென ஒரு டோக்கன் என்று இரண்டு அடுக்கு. இந்த இடங்களில் பெரும்பாலும் ஓஆத் 2.0 நடக்கிறது. 2012 அக்டோபரில் டிக் ஹார்ட் பதிப்பித்த ஆர்எஃப்சி 6749 என்ற ஆவணம்தான் அதன் அடித்தளம். மனிதர் குறுக்கே வராமல் நிரலும் நிரலும் பேசுவதற்கு அதில் உள்ள வழி க்ளையன்ட் கிரெடென்ஷியல்ஸ். அங்கீகாரச் சேவையகத்தின் டோக்கன் முகவரிக்குப் போஸ்ட் கோரிக்கை, ஐடியும் சீக்ரெட்டும் தலைப்பில், எந்த வழியில் கேட்கிறோம் என்பதும் எந்த அளவுக்கு உரிமை வேண்டும் என்பதும் உடலில். உரிமையின் அளவைச் சொல்லும் அந்த ஸ்கோப் என்ற சொல்லை நான் மதிக்கிறேன். முன்னறிவிப்பு அனுப்ப மட்டும் உரிமை போதும் என்றால் அதை மட்டும் கேட்க வேண்டும். விலை, கொள்முதல் ஆணை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கி வைத்தால், அந்த டோக்கன் கசியும் நாளில் எல்லாம் சேர்ந்து கசியும்.

இந்த வழியில் காலாவதி இத்தனை வினாடி என்று ஓர் எண்ணாக வரும். 3600 என்றால் ஒரு மணி நேரம். நேர மண்டலத் தொல்லை இல்லை, கேட்ட நொடியிலிருந்து எண்ண வேண்டும், போய் வரும் தாமதத்துக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் டோக்கன் என்ற தனி ஒன்றை இந்த வழியில் சேர்க்காமல் இருப்பதே முறை என்று அந்த ஆவணம் சொல்கிறது. ஐடியும் சீக்ரெட்டும் நம்மிடமே இருக்க, மறுபடி கேட்டால் போதும். இல்லாத ரெஃப்ரெஷ் டோக்கனைத் தேடி ஒரு நாள் முழுக்கச் செலவிட்ட இளைஞர்களை எனக்குத் தெரியும்.

பல ஓஆத் தளங்களில் டோக்கன் ஜேடபிள்யூடி வடிவில் வரும். நடுவே இரண்டு புள்ளிகள், மூன்று துண்டுகள். நடுத்துண்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது பூட்டப்பட்டதல்ல, மூன்றாம் துண்டில் இருக்கும் கையொப்பம் அதை மாற்றவிடாமல் காக்கிறது. இதைச் சொன்னால் ஆச்சரியப்படுபவர்களிடம் நான் லாரி ஓட்டுநரின் கையில் இருக்கும் தாளைக் காட்டுவேன். இ-இன்வாய்ஸின் க்யூஆர் குறியீட்டுக்குள் இருப்பதும் பதிவுத் தளம் கையொப்பமிட்ட ஒரு ஜேடபிள்யூடிதான். அத்திப்பள்ளிச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தும் அதிகாரி, கைப்பேசியில் இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் பொதுச் சாவியை வைத்து அது உண்மையா என்று சரிபார்க்க முடியும். தமிழ்நாட்டுக் கோபுரத்திலிருந்து கர்நாடகக் கோபுரத்துக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கும் அந்தச் சாலையில் இது வசதி மட்டுமில்லை, அவசியம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. க்யூஆர் தாள் பிறர் படிப்பதற்கென்றே இருப்பது. அணுகு டோக்கனோ யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உரிமை தருவது. அது லாக் கோப்பில் முழுதாக எழுதப்பட்டால், அந்தக் கோப்பைப் படிக்கிற யாரும் அடுத்த ஆறு மணி நேரம் அந்த நிறுவனத்தின் பெயரில் இன்வாய்ஸ் போட முயலலாம். கடைசி நான்கு எழுத்துகளைத் தவிர மற்றதை மறைத்தே லாகில் எழுத வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை.

சீக்ரெட்டும் கடவுச்சொல்லும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் சிறு ஆலைகளில் மூன்று விடைகள் கிடைக்கும்: நிரலுக்குள்ளேயே, டெஸ்க்டாப்பில் ஒரு எக்செல் கோப்பில், கணக்கரின் டைரியில். மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்களுக்குக் கிளவுடில் சாவிப் பெட்டகம் வாங்கிக் கொடுக்க முடியாத நிலையில், குறைந்தது சேவையகத்தின் சூழல் மாறிகளில், அந்த நிரலை ஓட்டும் கணக்கு மட்டும் படிக்கும்படி வைத்துக் கொடுக்கிறேன். இன்னொன்றையும் வற்புறுத்துகிறேன்: தளத்தில் மனிதர் நுழையும் கணக்கு வேறு, ஏபிஐ பயனர் வேறு என்று கணக்கருக்குப் புரிய வைப்பது. ஆடிட்டர் சொன்னார் என்று ஒரு சனிக்கிழமை மாலை எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போன கணக்கர்கள் உண்டு. கையில் இருந்த டோக்கன் முடியும்வரை எல்லாம் ஓடும். இரவு ஷிஃப்டில் நிற்கும். கணக்கரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் பாதுகாப்பான காரியத்தைத்தான் செய்தார். அதனால் திரையிலேயே ஒரு பொத்தான் வைக்கிறேன். கடவுச்சொல்லை மாற்றியதும் அங்கே புதியதை இட்டு அழுத்தினால், நிரல் அந்த நிமிடமே ஒரு டோக்கன் கேட்டுப் பார்த்து, கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று தமிழில் சொல்லும்.

அதே திரையில் இன்னொரு சிறு வரியும் இருக்கும்: டோக்கன் எத்தனை மணி வரை செல்லும் என்று. முதலில் அது எனக்காக வைத்தது. இப்போது டிஸ்பேட்ச் ஆட்கள்தான் அதைப் பார்க்கிறார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஒரு பொறுப்பாளர், "சார், டோக்கன் பன்னெண்டே காலுக்கு முடியுது, அதுக்குள்ள ஜிகணி லோடுக்கு அடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். "அவசரமே இல்ல அண்ணே, அதுவே மாத்திக்கும், நீங்க சாப்பிட்டு வந்து அடிங்க" என்றேன்.

ஒரு ஆலையில் வேலையை ஒப்படைக்கும் முன் நான் சில காரியங்களை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டுகிறேன். தரவுத்தளத்தில் இருக்கும் டோக்கனில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு பில் போடச் சொல்வேன். நிரல் மறுப்பை வாங்கி, டோக்கனை மறுபடி கேட்டு எடுத்து, பில்லைத் தர வேண்டும். சேமித்த காலாவதி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தச் சொல்வேன். டோக்கன் கோரிக்கை ஒன்றுதான் போயிருக்க வேண்டும். சோதனைத் தளத்தில் கடவுச்சொல்லைத் தவறாக இட்டு, நிரல் ஒரே முறையோடு நின்று கணக்கரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறதா என்று பார்ப்பேன். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு இன்வாய்ஸ் அனுப்பி, வயரைச் செருகியதும் அதே ஐஆர்என் வருகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக லாக் கோப்பைத் திறந்து முழு டோக்கன் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடச் சொல்வேன். தேடுவதை அவர்கள் கையாலேயே செய்ய வேண்டும். முதலாளியும் கணக்கரும் டிஸ்பேட்ச் பொறுப்பாளரும் கூட நின்று இதைப் பார்த்த ஆலைகளிலிருந்து எனக்கு இரவில் அழைப்பு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் "மறுப்பு எந்த வகை?" என்று நான் கேட்கும் முன் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.